டிரைவ் 23ஐ இணைக்கவும்

ஊத்தான் மெலிந்தாங்கில் விடாத மழை.
ஸ்டூடியோ மேசைமேல் மூன்று பிஸ்கட் டின்கள்.
உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய
நாற்பத்தொரு டிரைவ்.
முதுகில் என் கோணல் எழுத்து:
கல்யாணம் 7,
கல்யாணம் 7 மீதி,
தைப்பூசமும் சடங்கும்,
தெரியலை.

எது எதற்குள் என்று
செருகிப் பார்த்தால்தான் விளங்கும்.
ஒன்று வாய் திறந்தால் மற்ற நாற்பதும் ஊமை.

வெள்ளிக்கிழமை பார்வதம் வந்தார்.
கீழ்ப்பிரிவு லயம், கதவு எண் 14.
இப்போது கதவும் இல்லை, லயமும் இல்லை,
இடுப்பளவு செம்பனைக் கன்றுகள்.
இரண்டாயிரத்து ஐந்துக்குப் பிறகு
அங்கே ஆளே இல்லை என்கிறதாம் கம்பெனி.
வக்கீல் கேட்கிறார்
தேதி போட்ட ஒரு படம்,
எண் தெரிகிற ஒரு கதவு.

"கதவை யாருப்பா படம் பிடிப்பா?
பிரேமா கல்யாணத்துல என் வாசல்லதான
நிக்க வச்சி எடுத்த?
பின்னால இருக்கும் பாரு."

பின்னால்.
நான் பெயர் வைத்ததெல்லாம்
முன்னால் நின்றவர்களுக்கு.

அன்றிரவே மென்பொருள் தேடினேன்,
மாப்பிள்ளை பார்ப்பதுபோல.
முதலாவதுக்கு எந்நேரமும் இணையம் வேண்டும்,
இங்கே தூறினாலே லைன் படுத்துவிடும்.
அடுத்தது மாதாமாதம் டாலரில் மொய் கேட்டது.
மூன்றாவது இலவசம், கெட்டிக்காரன்தான்,
தமிழில் வைத்த பெயரை மட்டும்
கட்டம் கட்டமாக்கிக் காட்டினான்.
நான்காவது அழகில்லை.
சாம்பல் சன்னல், கிராணி ஆபீஸ் முகம்.
ஆனால் ஒரு தடவை டிரைவைக் காட்டினால் போதும்,
கழற்றி டின்னில் போட்ட பிறகும்
உள்ளே இருப்பதைச் சொன்னது,
நகக்கண் அளவுப் படத்தோடு.
எழுபத்தொன்பது ரிங்கிட், ஒரே தடவை.
பேசி முடித்துவிட்டேன்.

மூன்று நாள் ஒவ்வொன்றாக ஊட்டினேன்.
இருபத்துமூன்றாவது,
பட்டியல் முடிந்த கையோடு
டக் டக் டக் என்றது,
பல்லி சொன்னமாதிரி.
அதற்குப் பிறகு பேசவில்லை.

'பிரேமா' என்று தட்டினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு படம்.
எதைத் தொட்டாலும் அதே வரி:
டிரைவ் 23ஐ இணைக்கவும்.
நகக்கண்ணில் மணப்பெண் ஒரு சிவப்புப் புள்ளி,
அவள் தோளுக்கு மேல் நீலமாக ஒரு கதவு,
நீலத்தில் வெள்ளையாக ஏதோ.
பெரிதாக்கினால்
பதினான்குமில்லை பத்தொன்பதுமில்லை,
மாவு சிந்திய தரைபோல.

என் கவலை அதற்குத் தெரியாது.
முந்தாநாளிலிருந்து வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது:
ஒரே அளவு, ஒரே தேதி,
ஆறாயிரத்து நூற்றெட்டு நகல்கள்.
நீக்கலாமா?

நேற்றிரவு 'ஆம்' மேல் அம்பை வைத்தேன்தான்.
இடம் மிச்சம் என்று நினைத்தேன்தான்.
தூக்கம் வந்துவிட்டது.

இப்போது அந்தப் பட்டியலைப் பிரித்தேன்.
இடப்பக்கம் டிரைவ் 23.
வலப்பக்கம் 'தெரியலை',
அதற்குள் புது ஃபோல்டர்,
அதற்குள் புது ஃபோல்டர் 2,
எந்தக் கம்ப்யூட்டர் கெட்ட அவசரத்திலோ
கொட்டி வைத்த குப்பை.

செருகினேன். சுழன்றது.
பிரேமா சிரிக்கிறாள், குணாளன் வியர்க்கிறான்.
இருவரையும் திரைக்கு வெளியே தள்ளிவிட்டுக்
கதவை இழுத்தேன்.
சுண்ணாம்பில் விரலால் எழுதிய 14.
அதன் கீழ் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
2009, மே 31.

பார்வதம் எண்ணைப் பார்க்கவில்லை.
"பூட்ஸ் என்னோடது," என்றார்.
"எடது கால்ல ஓட்டை.
அதைச் சொன்னா ஜட்ஜு நம்புவாரா?"

குறிப்புக் கட்டத்தில் தட்டினேன்:
பின்னால் கதவு 14. பூட்ஸ். இடதில் ஓட்டை.

மீதி நகல்களைப் பற்றி
அது இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.