முப்பத்தைந்து

பகலில் என் வேலை
தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பது.
நாற்பது சாயப்பட்டறைகளின் கழிவு
ஒரே குழாயில் வந்து விழும் இடத்தில்
வெள்ளைக் கோட்டு, ரப்பர் செருப்பு, நான்.
ஏழாயிரம் என்று உள்ளே வருவது
இருநூறு என்று வெளியேற வேண்டும்.
இருநூற்றைம்பது காட்டினால்
மேனேஜர் இரண்டு முறை இருமுவார்.

ராத்திரி, மங்கலம் சாலை லைன் வீட்டில்,
தண்ணீரில் உப்பைக் கரைப்பது.
இருபது லிட்டர் வாளிக்கு எழுநூறு கிராம் சொச்சம்.
உப்புமானியைக் கண்ணில் வைத்து
டியூப் லைட்டைப் பார்ப்பேன்.
நீலமும் வெள்ளையும் முட்டிக்கொள்ளும் கோடு
முப்பத்தைந்தில் நிற்க வேண்டும்.

வீட்டுக்காரர் சென்னியப்பன் வாசலில் நின்று கேட்டார்:
"ஏனம்மிணி, உப்பேறித்தான் எங்க தோட்டத்துக் கெணறு போச்சு.
தென்னை நாப்பதும் மொட்டையா நிக்குது.
நீ என்னடான்னா காசு குடுத்து
உப்பு வாங்கியாந்து கரைக்கிறே?"

பதில் இல்லை. உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன்.
கண்ணாடியில் மூக்கு ஒட்ட வெகுநேரம் பார்த்தார்.
"நம்ம கருப்பராயன் கோயில் குதிரைய
மொதச் சலவைக்குப் போட்டாப்ல
சுருங்கிக் கெடக்குது" என்றார்.
அந்த மாதக் கரண்டு பில்லைப் பற்றி
ஒன்றும் பேசவில்லை.

பண்ணையில் பிறந்த குஞ்சுகள், கடலில் பிடித்தவையல்ல என்று
விற்றவன் ஒரு தாள் தந்திருந்தான்.
முத்திரையை நம்பினேன்.
நம்ப ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி.

வயிறு கிடையாது இவற்றுக்கு.
தின்றது தங்காமல் போய்விடும்.
உறைந்த இறால் பொடிசுகளைக் கரைத்து
ஊசிக்குழாயில் எடுத்து
மூஞ்சிக்கு நேரே விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
யோசித்து யோசித்து
ஒரு சொடுக்கில் உறிஞ்சும்.
நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்டு முடித்து வரும் லோகு
மத்தியான வேளையைப் பார்த்துக்கொள்கிறான்.
"இதுகளுக்கு நாலு வேளை, எனக்கு ஒரு வேளை"
என்று சொல்லிக்கொண்டேதான்.

குதிரைகளுக்கு முன்பே வந்தது பவளம்.
தீப்பந்தம் என்று பேர் அதற்கு.
ஒற்றைத் தலையாய் வந்து
எட்டு மாதத்தில் மூன்றாய்ப் பிரிந்தது.
பச்சை விரல்கள், நுனியில் ஊதா.
எதையும் வளர்த்தறியாத கைக்கு
அது என்னவெல்லாம் சொல்லிற்று!

குதிரைகள் வந்த நாலாம் ராத்திரி
ஆண் போய் அதைப் பிடித்துக்கொண்டது.
நீந்தவே திணறுகிற பிறவி,
தூங்குவதற்கு எதையாவது பிடித்தாக வேண்டும்.
விடிந்து பார்த்தால் வாலில்
சுண்ணாம்பு தொட்ட மாதிரி ஒரு வெளுப்பு.

பவளத்தின்மேல் தப்பில்லை, தொட்டதைக் கொட்டும்.
குதிரையின்மேலும் இல்லை.
இரண்டையும் ஒரே கண்ணாடிக்குள் போட்டவள்
பல் துலக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சம்படத்தில் பவளம்.
ஈரோடு பஸ், ஜன்னலோர சீட், மடியில் சம்படம்.
ஊத்துக்குளி தாண்டும்போது கண்டக்டர் கேட்டார்:
"மீன் கொளம்புங்களா?"
ஆமாங்க என்றேன்.
திரும்பி வரும்போது சம்படம் காலி.
சுடிதாரில் மட்டும் வட்டமாக ஈரம்.

கொட்டாத கடல்விசிறி ஒன்றை
மூவாயிரம் கொடுத்து வாங்கி நட்டேன்.
பெண் பிடித்தது.
ஆண் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
வெப்பமானியின் வயரைச் சுற்றிக்கொண்டு
இருபத்துநாலு டிகிரியைக்
காவல் காத்தது.

சித்திரையில் ஒரு நாள் நடுச்சாமம்
கரண்டு போயிற்று.
குளிரூட்டி நின்றது. மோட்டார் நின்றது.
தெருவின் தறிச்சத்தம் முழுக்க நின்று
காது அடைத்துக்கொண்டது.
ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு
கையால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தேன்.
இருபத்தாறு. இருபத்தேழு.

இருட்டில் சுண்டுவிரலில் ஏதோ சுற்றியது.
கயிறு இல்லை, வயர் இல்லை.
சின்னச் சின்னக் கணுக்கள்,
வெளுப்பு ஆறிய இடத்தில் ஒரு சொரசொரப்பு.
அளைவதை நிறுத்த முடியாது,
விரலை அசைக்கவும் முடியாது.
மற்ற நாலு விரல்களால் அளைந்தேன்,
நாலரைக்குக் கரண்டு வரும் வரை.

காலை ஷிப்டில் முதல் மாதிரி
இருநூற்று எண்பது காட்டியது.
மேனேஜர் இருமினார்.
கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு
மறுபடி எடுத்தேன்.
இருநூற்றுப் பத்து.