சமதரையில் ஒழுகாது

முதலில் என்னிடம் வரவில்லை.
பக்கத்து வீட்டுப் பரமானந்தத்தைக் கூப்பிட்டு
என் வாசலில் வெற்றிலை துப்பாதீங்க என்று
ஒரு காலை முழுக்கச் சண்டை.
மனுஷன் வாயைத் திறந்து காட்டினாராம், வெறும் வாய்.
அதன்பிறகுதான்
தொண்ணூற்றொன்றாம் வருஷத்து டவுன்ஏஸை ஓட்டிக்கொண்டு
நோர்வூட் பாலத்தடிக்கு வந்தாள்
ரொசலின் மிஸ்ஸி,
மூன்று தோட்டத்துக்கு ஒரே மருத்துவமாது.

பையிலிருந்து பிஸ்கட் பெட்டி அட்டைகள்.
ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பாய் ஒரு வட்டம்,
ஓரத்தில் திகதி, நேரம், அகலம்.
திங்கள் இரவு கொஞ்சம்.
செவ்வாய் மழை, தெரியவில்லை.
புதன் கூடுதல்.

விரலில் தொட்டுத் தேய்த்தேன்.
எஞ்சின் ஓயில் என்றால் கறுத்திருக்கும்.
இது கியர்பெட்டிக்காரன்.
முகர்ந்தேன், கருகல் இல்லை.
"பழசா, புதுசா?" என்று அவளும் முகர்ந்தாள்.

எஞ்சினைச் சூடாக்கி
லீவரை ஒவ்வொரு படியாய் நகர்த்தி மீண்டும் பார்க்கில் வைத்து
குச்சியை உருவித் துடைத்து
விட்டு எடுத்தால்
கோட்டுக்கு ஒரு நகக்கண் கீழே.
அடிப்பக்கம் முழுக்க டீசல் போட்டுக் கழுவினேன்.
காய்ந்ததும்
அவள் பையில் இருந்த குழந்தைப் பவுடரைக் கேட்டு வாங்கிப் பூசினேன்.
மனமில்லாமல்தான் தந்தாள்.

இரண்டு இரவு என் சிமெந்துத் தரையில் நின்றது.
ஒரு சொட்டு இல்லை.
"கிளினிக்குக்கு வந்தால் வலி நின்றுவிடும்,
வீட்டுக்குப் போனதும் தொடங்கும்,
எனக்கு இது புதுசில்லை" என்றாள்.
நான் விடவில்லை.
முன் சீல்தான், பெட்டியை இறக்கணும்,
நாற்பத்தையாயிரம் வரும் என்றேன்.
எல்லோருக்கும் சொல்வதுதான்.
"கை வைத்துப் பார்க்காமலா?"

அது உறுத்தியது.
வெள்ளிக்கிழமை அவளோடு மேல் டிவிஷனுக்கு ஏறினேன்.
வேக முள் நடுங்கிக்கொண்டே வந்தது.
வயசு என்று நினைத்தேன்.
குவாட்டர்ஸோடு பாதை முடிகிறது,
திருப்ப இடமில்லை.
மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்தி
பின் டயருக்கு ஒரு கல்லை உதைத்து வைத்தாள்.
போகும்போது கோயில் வளைவு வரைக்கும்
பின்னுக்கே இறங்குவாளாம், நடுச்சாமத்திலும்.

இரண்டரைக்குப் போன் அடித்தது.
பணிய லயத்தில் ஒரு பிள்ளைக்கு வலி.
சாவியை எடுத்தவள் என்னைப் பார்த்தாள், திரும்ப மாட்டினாள்.
டோர்ச் வெளிச்சம் தேயிலைக்குள் இறங்கி
பனியில் கரைந்தது.

ஐந்து மணிக்கு உரச்சாக்கை விரித்து
வேனுக்கடியில் நுழைந்தேன்.
ரேடியேட்டர் குழாய் வெள்ளை.
முன் கழுத்து வெள்ளை.
தட்டின் ஓரம் சுற்றிவர வெள்ளை, போல்ட் தலைகள்கூட.
முதுகில் கல் குத்த இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தால்
வால்பக்கம், ஸ்பீடோ கேபிள் செருகும் இடத்தில்
பவுடரைக் கிழித்துக்கொண்டு ஒரு சிவப்பு இழை.
நுனியில் ஒரு சொட்டு
விழவா வேண்டாமா என்று கனத்துக்கொண்டிருந்தது.

மேட்டில் நின்றால் ஓயில் முழுக்க வாலுக்கு வருகிறது.
அங்கே ஒரு ரப்பர் வளையம்,
சின்ன விரல் மோதிரம் அளவு,
முப்பது வருஷத்தில் எலும்பாய்ப் போனது.
விலை ஒரு பால்தேத்தண்ணி.
நான் சொன்ன நாற்பத்தையாயிரம்
சாக்கில் என் பக்கத்திலேயே படுத்திருந்தது.

விடிந்து வந்தாள், டெட்டோல் வாசத்தோடு.
"ஆம்பிளைப்பிள்ளை. ரெண்டே முக்கால் கிலோ. உங்களுக்கு?"
"பெட்டியை இறக்க வேணாம் மிஸ்ஸி."
சத்தம் கேட்டுப் பரமானந்தமும் வந்துவிட்டார்,
வாயில் பிரஷ்ஷோடு.
குனிந்து அந்தச் சொட்டை வெகுநேரம் பார்த்தார்.
"இதுக்கா?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே போய்
மூன்றாவது கோப்பையையும் கழுவும் சத்தம் கேட்டது.