இடது காலின் வேலை

மைனஸ் இருபத்தாறு.
பத்து மணிக்குத் திறக்க வேண்டிய கடையைப்
பத்து பதினேழுக்குத் திறந்தாள் ஒக்சானா,
உறைந்த பூட்டை மூச்சால் ஊதி ஊதி.
நூற்றுப் பதினெட்டாம் அவெனியூவில் அந்நேரம்
நானும் ஒரு பனி வாரும் வண்டியும்தான்.

எட்மன்டனில் என் காலை ஓட்டம் ஒன்பதுக்கு முடியும்.
அடுத்த ஓட்டம் இரண்டரைக்கு.
நடுவில் கிடக்கும் நேரத்துக்குச் சம்பளமில்லை.
அதில்தான் நான் ட்ரம்மர்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.
மகனுக்கா என்று கேட்காத முதல் கடை.
அதற்காகவே எதையாவது வாங்கிவிட நினைத்தேன்.

மூன்று இரட்டைப் பெடல்களைக் கம்பளத்தில் இறக்கினாள்.
ஒன்று சங்கிலி: சைக்கிளில் இருப்பதேதான்,
ஆனால் இரட்டை வரி, கிறீஸ் மணம்.
ஒன்று பட்டி. மெத்தென்று, சத்தமில்லாமல்,
பிள்ளை தூங்கும் அறையில் நடப்பது போல.
மற்றதில் இரண்டுமில்லை, ஒரு இரும்புத் தண்டு மட்டும்.
நினைத்த உடனே அடிக்கும் என்றாள்.
நினைக்க முன்னமே அடித்தால்?
அதற்கும் ஒரு திருகாணி உண்டு என்றாள், சிரிக்காமல்.
அதன் விலையில்
குளிரில் கிளம்ப மறுத்து வீட்டில் நிற்கும் என் காருக்கு
மூன்று பற்றரி போடலாம்.

பனிச் சப்பாத்தைக் கழற்றினேன்.
காலுறை ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

வலது காலைப் பற்றிப் பயமில்லை.
பதினோரு வருடமாய் ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் நடுவே
அறுபது பேரைச் சுமந்து பழகிய கால்.
இடது காலுக்குப் பஸ்ஸில் இரண்டே பொத்தான், தரையில்.
இடம் திரும்ப ஒன்று, வலம் திரும்ப ஒன்று.
பயணிகளுக்குத் தெரியாது,
சிக்னல் போடுவது என் கையல்ல.
மிதித்திருக்கும் வரை டிக், டிக்.
சிவப்பு விளக்குகளில் அந்த டிக்குக்குள்
ஆறு ஆறாய் எண்ணிப் பழகினேன்.
எண்ணத்தான் பழகினேன். அடிக்க இல்லை.

மயூரதன் நிமிடத்துக்கு இருநூற்றுப்பத்தில் பாட்டுக் கட்டுகிறவன்.
இரண்டு வருடமாய் அதை ஒற்றைக் காலால் ஏமாற்றினேன்.
ஆறு அடிக்கு நாலு போட்டு
மிச்சத்தைத் தரை டொம்மில் மழுப்பி.
அவன் கண்டுபிடிக்கவில்லை.
லினோ கண்டுபிடித்தான், சொல்லவில்லை.
அந்த இரண்டையும் தன் பேஸ் நரம்பில்
அவனே போட்டுக்கொண்டு
எங்கோ பார்த்தபடி நின்றான்.

சோதிக்க உட்கார்ந்தேன்.
இடது மிதிக்குச் சொந்தமாய் ஒரு சுத்தியல் கிடையாது.
ஒரு தண்டு குறுக்கே போய்
வலதின் வீட்டில் அதற்கென்று ஒன்றை நிறுத்தியிருக்கிறது.
வலது சொன்னால்
இடது 'என்ன?' என்று கேட்டுவிட்டுத்தான் செய்தது.
தண்டுப் பெடலில் அந்த 'என்ன' துல்லியமாகக் கேட்டது.
ஒவ்வொரு பிழையையும் முழங்காலுக்கே திருப்பி அனுப்பியது.
பட்டியில் பிழையே கேட்கவில்லை, அது இன்னும் பயம்.
சங்கிலி கொஞ்சம் தளர்ந்து, கொஞ்சம் கனத்து,
போகட்டும், அடுத்ததைப் பார் என்றது.

இடதில் தொடங்கிப் பார், என்றாள் ஒக்சானா
ரசீதுப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.

தொடங்கினேன்.
விழுந்து, இடறி, பிறகு ஒரு பதினைந்து விநாடி
எது எந்தக் கால் என்று தெரியவில்லை.
அலமாரியில் தொங்கிய சிம்பல்கள் மெல்லச் சிணுங்கின.
பிறகு மறுபடி தெரிந்துவிட்டது.

சங்கிலிதான். காரணம் கேட்டால்
கம்பளத்தில் ஆடாமல் படிந்து நின்றது என்பேன்.
காசு காரணம் என்றும் சொல்லலாம்.

பெட்டி பிணக் கனம். மடியில் வைத்துக்கொண்டு
டிப்போவுக்குப் பயணியாய்ப் போகிறேன்.
ஓட்டுகிறவன் புதுப் பையன், மீசை இன்னும் முடிவாகவில்லை.
பாலத்துக்கு முன் இடம் திரும்பச் சிக்னல்.
டிக், டிக், டிக்.
முந்திக் காலை எடுத்துவிட்டான்.

மிச்சத்தைப் பெட்டிக்குக் கீழே
உப்புப் படிந்த சப்பாத்துக்குள்
நான் போட்டேன்.