பதினொரு விநாடி

சுழலும் உருளையின் மேல்
என் எலிகள் பதினொரு விநாடி கூடுதலாக நின்றன.
அதற்காகப் போர்த்து அலெக்ரேயில் ஒரு விருது, ஒரு கேக்,
பிறகு ஒரு கடிதம்:
'புதன்கிழமைகளில் நீங்கள் ஆய்வகத்தில் இருக்கக் கூடாது.'

ஈராண்டுப் பயிற்சி.
முதல் மூன்று மாதம் உட்கார்வதுதான் பாடம்.
நான்காவது மாடி, நரம்பியல் பிரிவு,
ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலி.
வெள்ளை அங்கியைக் கழற்றி வைக்கச் சொன்னார்கள்.
கேட்டால் மட்டும் பெயர் சொல்லலாம்: ஜூரேமா.

பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த நோயை
மூளைச் சீவலில்
பச்சையாய் ஒளிரும் புள்ளிகளாகவே பார்த்திருந்தேன்.
அது கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும் என்றோ
அதன் செருப்பு வலது ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும் என்றோ
எந்தச் சாயமும் காட்டியதில்லை.

வால்தோமிரோ வந்தார்,
ஆடும் படகில் எழுந்து நிற்பவரைப் போல
சுவரைப் பிடித்துப் பிடித்து.
நாற்பத்தாறு வயது. பேருந்து ஓட்டியவர்.
அப்பாவுக்கும் இதே நடையாம்; ஊரே குடிகாரன் என்றதாம்,
ஒரு சொட்டுத் தொடாத மனிதரை.
'கடைசியில் குடித்தே விட்டார்,
வாங்கிய பெயர் வீணாகக் கூடாதென்று.'
சொல் குழறியது. சிரிப்பு குழறவில்லை.

'எலிகளை நேராக நடக்க வைத்தவர் இவர்தான்'
என்று மருத்துவர் ஹெலோயிசா என்னைக் காட்டினார்.
'எவ்வளவு நேரம்?'
பதினொரு விநாடி என்றேன்.
மேடையில் கைதட்டல் வாங்கிய அதே எண்
வாய்க்குள் கூசியது.

அவர் கணக்குப் போட்டார்.
'பேருந்துப் படி ஏறிவிடலாம் அதற்குள்.
ஆனால் எனக்கு நடைகூட வேண்டாம், டாக்டரம்மா.
குடுவையில் மாத்தே ஊற்றி
சிந்தாமல் என் மனைவியிடம் நீட்ட வேண்டும்.
இப்போது அவள்தான் என் வாயில் வைக்கிறாள்.
எங்கள் பக்கம் குடுவை கை மாற வேண்டும், தெரியுமல்லவா?'

தெரியும்.
நானும் அந்தப் பக்கம்தான்.
எலிகளிடம் குடுவை கிடையாது.

முதன்மை அளவீடு: நடை
என்றிருந்த வரியை அன்றிரவே அடித்தேன்.
'சிந்தியதை எதால் அளப்பீர்கள்?'
புள்ளியியலாளர் ஒசோரியோ கண்ணாடியைக் கழற்றினார்.
தராசால்.
துணி விரித்து, ஊற்றச் சொல்லி,
முன்னும் பின்னும் எடை.
அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, எத்தனை துணி என்று கேட்டார்.

நெறிமுறைக் குழு ஏழு முறை திருப்பி அனுப்பியது.
சம்மதப் படிவத்தில் 'குணம்' இரண்டு இடத்தில் வருகிறது, நீக்குக.
நீக்கினேன்.
'நம்பிக்கை' ஒரு இடத்தில். அதையும்.
ஆறாவது பிரதியை நடைக்கூடத்தில் வைத்துப் படித்தவள்
அவர் மகள் ஜனாயினா, பத்தொன்பது வயது.
மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்:
'அப்பாவுக்கு இது புரியாது. எனக்கும்.'
தன் ரத்தத்தை அவள் இன்னும் சோதிக்கவில்லை.
பென்சிலைத் திருப்பித் தரும்போது
கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.
கேட்கவில்லை.

மார்ச்சில் முதல் மாத்திரை.
அதில் மருந்தா மாவா
எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.
மேசையில் துணி, குடுவை, வெந்நீர்.
எதிரே அவர் மனைவி கை நீட்டிக் காத்திருக்கிறார்.
போன மாதம் நாற்பது கிராம்.
இன்று நாற்பத்தொன்று.
எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஜன்னலோர நாற்காலியில் இப்போது வேறொருத்தி,
ஈஸ்ட் செல்களோடு வாழ்ந்துவிட்டு வந்தவள்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
ஈரத் துணியை அவளிடம் கொடுத்தேன்
பிழிவதற்கு.