பத்தின் மடங்குகள்

பேடித் துறைமுகச் சாலையில்
உப்பு லாரிகளை நிறுக்கிறேன்.
சரக்கோடு ஒரு சீட்டு, வெற்றாக ஒரு சீட்டு,
கழித்தால் உப்பு.
பதினொரு வருஷமாக இதே கழித்தல்.

என் மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
பல்கார் சிங்கின் குட்டி நாய்
அதன்மேல் படுத்துத் தூங்கும்.
பூஜ்யம் என்று காட்டும்.

லாரி இல்லாத ஒரு மதியம்
நானே ஏறி நின்று
கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன்:
சிவப்பில் தொண்ணூறு.
"ரம்பிபென், வெற்று எடையா, சரக்கோடா?"
பின்னால் பல்கார்.
நானும் சிரித்தேன்.
அறைக்குள் போக ஆறு படி.
ஆறாவதில் சிரிப்பு இல்லை, இரைப்புதான் இருந்தது.

ஜாம்நகர் ஆயுர்வேத ஆஸ்பத்திரியில்
வைத்தியர் ஹேதல் புச்
என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
நாக்கை நீட்டச் சொன்னாள்.
"பசி எப்போது வரும்?"
ஒரு மணிக்குச் சாப்பாடு என்றேன்.
"மணி கேட்கவில்லை. பசி."

ஜன்னலைப் பார்த்தேன்.
காலையில் காந்தியா,
பத்துக்குப் பால் டீ,
லாரிக்கு ஒரு கை சேவ்,
லாரிகளோ நாளுக்கு நாற்பது.
கடைசியாக எனக்குப் பசித்தது எந்த வருஷம்?
உள்ளே அடுப்பு
எரியவும் இல்லை, அணையவும் இல்லை,
ஈர விறகோடு புகைந்துகொண்டே இருந்திருக்கிறது.

தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னாள்.
பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால்
இந்தப் பக்கமே வராதீர்கள் என்றாள்.
பிறகுதான் எழுதினாள்:
பகல் தூக்கம் வேண்டாம்.
கம்பு ரொட்லா, பாசிப்பருப்பு,
பொழுது சாய்வதற்குள் ராச்சாப்பாடு.
படுக்குமுன் வெந்நீரில் திரிபலா.
கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு:
பசித்தால்.

வாரம் மூன்று நாள் கொள்ளு மாவு.
இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று
கீழிருந்து மேலாகத் தேய்ப்பார்கள்,
சீரியலில் செத்தவள் திரும்பி வந்ததைப் பேசியபடி.
தோல் காய்ந்து, சிவந்து, சூடாகும்.
பிள்ளை பெற்ற நாளுக்குப் பிறகு
இவ்வளவு நேரம் யாரும் என்னைத் தொட்டதில்லை.
அதை அவர்களிடம் சொல்லவில்லை.

தஸ்னீமின் யோகா வகுப்பு
போஹ்ரா தெருவில், மூடிக்கிடக்கும் பித்தளைப் பட்டறைக்கு மேல்.
சூரிய நமஸ்காரத்தில்
எட்டு அங்கம் தரையில் பட வேண்டுமாம்.
எனக்கு ஒன்பது.
ஒன்பதாவதுதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

"முழங்காலை நெஞ்சோடு அணையுங்கள்."
நடுவில் ஆள் இருக்கிறாரே என்றேன்.
பாய்கள் எல்லாம் குலுங்கின.
தஸ்னீம் மட்டும் சிரிக்காமல் சொன்னாள்:
"அவரையும் சேர்த்து அணையுங்கள்."

பத்தொன்பதாம் நாள், நாலேகால் மணி.
வாசலில் ஏழு லாரி.
விலாவுக்குக் கீழே ஒரு கிள்ளல்.
நோய் என்றுதான் பயந்தேன்.
மறுபடி கிள்ளியது, கொஞ்சம் கூச்சத்தோடு,
வாடகை பாக்கி வைத்து ஓடிப்போனவன்
கதவைத் தட்டுகிற மாதிரி.
ஓ.
நீயா.

அன்றைக்கு ஒரு சீட்டில்
உப்பைவிட லாரியைக் கனமாக எழுதிவிட்டேன்.
முதலாளி கத்தினார்.
கத்தட்டும், எனக்குப் பசிக்கிறது.

இரண்டு மாதம்.
ஆஸ்பத்திரித் தராசில் தொண்ணூற்று நாலு
எண்பத்தாறரை ஆகியிருந்தது.
ஓடி வந்து என் மேடையில் ஏறினேன்.
தொண்ணூறு.
இறங்கி, செருப்பைக் கழற்றி, ஏறினேன்.
தொண்ணூறு.
"மிஷின் ரிப்பேர்" என்றான் பல்கார்.
ரிப்பேர் இல்லை.
இத்தனை நாள் நான் நடந்தது
அதன் இரண்டு கோடுகளுக்கு நடுவில்.

தீபாவளிக்கு ஒன்றரைக் கிலோ திரும்பி வந்தது,
மோகன்தாலும் தானுமாக.
புச் திட்டவில்லை.
நாக்கை நீட்டச் சொன்னாள்.

இப்போது ஐந்தரை.
பாத்திகளில் வெயில் படுத்துக் கிடக்கிறது.
டப்பாவைத் திறந்துவிட்டேன்.
ரொட்லாவின் ஓரம் கருகியிருக்கிறது,
அந்தக் கருகல் வாசனைக்கே வாய் ஊறுகிறது.
பல்கார் ஹாரன் அடிக்கிறான்.

அடி.
உப்பு எங்கும் ஓடாது.
சூரியன் போகுமுன்
இந்த ஒரு வாய்.