எண் முப்பத்தொன்று

சமவெளியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள்,
நடிக்கத் தெரிந்தவர்களைப் பொறுக்கிக்கொண்டு போக.
ஊட்டியில், ஒரு சர்ச் மண்டபத்தில், டிசம்பர் ஒன்பது.
நடுவிலிருந்தவர் அன்று காலைதான் ஸ்வெட்டர் வாங்கியிருக்க வேண்டும்.
விலைச்சீட்டு அக்குளுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது.
அறுநூற்றைம்பது. பேரம் பேசத் தெரியாத ஆள்.

நாடகப் பட்டப்படிப்பு, முன்சுற்று.
பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே முடிவு சொல்லிவிடுவார்கள்.
கிடைத்தால் எழுதிக் கொடுக்க வேண்டும்,
வேறு கல்லூரி வாசல் மிதிக்கமாட்டேன் என்று.
கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அவசரமில்லை என்றாள் பெனிட்டா.
அவள் எண் முப்பது.
கொண்டையை மூன்றாம் முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நிமிட வசனம் ஒப்பித்தேன்.
நன்றி என்றார்கள்.
நன்றி என்றால் போதும் என்று அர்த்தம், நல்லது என்று அல்ல;
அதையும் அங்கேதான் கற்றேன்.
பிறகு ஓரத்திலிருந்த அம்மாள், பேனா மூடியைக் கடித்தபடி,
"உனக்குக் குளிருது. அதை மட்டும் செய்" என்றார்.

எனக்குக் குளிரை நடிக்கத் தெரியாது.
கேத்தி பாலாடாவில் விடிகாலை மூன்றரைக்கு
கேரட் கழுவும் இயந்திரத்தின் வாயில் நிற்கிறவள் நான்,
ஞாயிறும் லீவு நாளும்.
நீர்ப்பனி போய் உறைபனி விழுந்த வாரத்தில்
குழாய்க்குக் கொள்ளிக்கட்டையால் சூடுகாட்டித் திறப்போம்.
விரல் சிவக்கும். பிறகு விரல் இருக்காது.
யாரும் நடுங்குவதில்லை.
நடுங்கினால் மூட்டை நழுவும்,
நழுவினால் கூலியில் பிடிப்பார்கள்.

ஆகவே நடுவிலிருந்தவரைப் பார்த்தேன்.
பல் தந்தியடிப்பதை மறைக்க அவர் தாடையைத் தடவுவதை,
கையிரண்டையும் தொடைக்கடியில் செருகுவதை,
டீ வந்ததும் குடிக்காமல்
டம்ளரைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வதை.
அப்படியே செய்தேன்.
விலைச்சீட்டைக்கூட விடவில்லை;
இல்லாத ஒன்று அக்குளில் உரச, சொறிந்துகொண்டேன்.

அம்மாள் சிரித்துவிட்டார். மூன்றாமவர் குனிந்து ஏதோ எழுதினார்.
அவர் மட்டும்
மெதுவாகக் கைகளை உருவி மேசைமேல் வைத்தார்.

ஜனவரி பதினாறு, மாலை.
எங்கள் லைனில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம்
லாரி திரும்புகிற வளைவு.
"அன்புள்ள யோகேஸ்வரி,
உங்கள் கவனிப்பு கூர்மையானது.
ஆனால் மேடையில் நாங்கள் கண்டது எங்கள் குளிர்.
உங்களுடையதைப் பார்க்க விரும்புகிறோம்.
உங்கள் விண்ணப்பம் பொதுச்சுற்றுக்கு மாற்றப்படுகிறது.
ஏப்ரல், மூன்றாம் வாரம்."

ஆம் என்று இல்லை. இல்லை என்றும் இல்லை.
டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு
பஸ்ஸை எடுக்காமல் நிறுத்திவைத்த மாதிரி.

பெனிட்டா கூப்பிட்டாள். கிடைத்துவிட்டதாம்.
சொல்லிவிட்டு அழுதாள்.
இருபத்தெட்டாயிரம், முப்பதாம் தேதிக்குள்,
கட்டினால் திருப்பித் தரமாட்டார்கள்.
அவள் அப்பா ரயில் நிலையத்து வாசலில் வர்க்கி விற்கிறார்.
கிலோவுக்கு என்ன நிற்கும் என்று அவளே கணக்குப் போட்டாள்,
பாதியில் நிறுத்தி, "உனக்கு?" என்றாள்.
"ஏப்ரல்" என்றேன்,
அது ஏதோ ஊர் என்பது மாதிரி.

லாரி ஒன்று கேரட்டோடு வளைவில் திரும்பி,
வெளிச்சத்தை என்மேல் போட்டு, எடுத்துக்கொண்டு போனது.
அப்போதுதான் பார்த்தேன்,
கையில் போன் ஆடுகிறது.
அழைப்பு எதுவும் இல்லை. நான்தான்.

பல்லில் தொடங்கவில்லை அது.
தாடையில் இல்லை, தோளில் இல்லை.
முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில்,
யாரோ ஊதுகிற மாதிரி.
அங்கிருந்து ஏறி வயிற்றுக்கு வருகிறது,
கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது,
ஒதுங்க இடம் கேட்டு வந்தது போல.

அடக்க வேண்டும் என்று தோன்றவில்லை.
ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு
இன்னொரு முறை வருமா என்று நின்றேன்,
எங்கே தொடங்கியது என்பதை
மறந்துவிடாமல்.