பதினான்கு, மேலிருந்து கீழ்

அந்த அறைக்குள் என்ன பேசினோம் என்று
யாரிடமும் சொல்லக் கூடாது. சட்டம்.
மனைவி கேட்டாள், மச்சான் கேட்டான்,
ஷெஃபீல்டு டிராமில் பக்கத்தில் உட்கார்ந்த
முன்பின் தெரியாத ஆள்கூடக் கேட்டார்.
ஆகவே குறுக்கெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன்.
அதற்குத் தடை இல்லை.

ஜூரிகள் காத்திருக்கும் கூடத்தில்
முந்தின நாள் செய்தித்தாள்,
ஓரத்தில் யாரோ வைத்த தேநீரின் வளையம்.
நான் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன்,
கறுப்பு வெள்ளைக் கட்டம் கண்டால்
முதலில் மூலைமட்டம் பார்ப்பேன்.
கெர்ரி ஸ்டானிஃபோர்த், என் வயதில் பாதி,
நாய் பூனை ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
பேனாவால் எழுதுவாள்,
அடித்தல் திருத்தல் கிடையாது.

"வாக்கியத்தை நம்பாதே" என்றாள்.
"அது சொல்லும் கதை பொய்,
சொற்கள் ஒவ்வொன்றும் மெய்.
பொருள் ஓரத்தில் இருக்கும், தலையிலோ வாலிலோ.
நடுவில் ஒருநாளும் இராது."

*ஷெஃபீல்டில் விளைவது, கேள்விப்பட்டபடி, களவாடு.*
விளைவது எஃகு, ஸ்டீல்.
காதில் விழுந்தால் களவும் ஸ்டீல்தான்,
எழுத்தில் ஒன்றே ஒன்று மாறும்.
அன்று காலைதான் நீதிபதி சொல்லியிருந்தார்
வெளியே கேள்விப்பட்டது எதுவும் சாட்சியம் ஆகாதென்று.
"இங்கே ஆகும்" என்றாள் கெர்ரி
பேனாவை உதறிக்கொண்டே.

*வாழ்ந்தான், திரும்பினான், பிசாசு.*
லிவ்டு என்பதைக் கடைசியிலிருந்து படி: டெவில்.
சிரித்தேன்.
பிறகு கூண்டில் நின்ற பையனின் சட்டைக் காலர்
நினைவில் வந்து நின்றது.
புதுச் சட்டை. மடிப்புக்குக் குத்தியிருந்த ஊசிகளில்
ஒன்றை எடுக்க மறந்திருந்தார்கள்,
விளக்கில் அது மின்னிக்கொண்டிருந்தது.
இதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்லமாட்டேன்.

டாக்டர் என்று வந்தால்
பக்கத்துச் சொல்லைக் கலைத்துப் போட வேண்டுமாம்.
"எங்கள் இடத்தில் பூனையை டாக்டர் செய்வதென்றால்..."
கெர்ரி விளக்கினாள்.
எதிரே லிபான், பஸ் ஓட்டுகிறவர்,
பாதி பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார்.

பதினான்கு, மேலிருந்து கீழ்.
*செர்ட்டன் பகுதி, என்க்ளோஷரில்.*
நான்கு எழுத்து. இரண்டாவது யூ, கடைசி ஈ,
குறுக்கே போனவர்கள் கொடுத்துவிட்டுப் போனது.
"ஷூர்" என்றேன். உறுதி.
"ஏன்?"
"தெரியாது. வேறெதுவும் பொருந்தவில்லை."
"அப்படி எழுதக் கூடாது. விடை வந்தால் போதாது,
வழி வரவேண்டும்."
பேனாவுக்கு மூடி போட்டாள்.
நான் வாங்கித் திறந்து எழுதினேன்.
அவள் வாதாடத் தொடங்குமுன் பெயர்களைக் கூப்பிட்டார்கள்,
போன்களை வாங்கிப் பெட்டியில் போட்டார்கள்.

நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும் என்றார் நீதிபதி.
அதே நாலெழுத்து.
உள்ளே போனோம். வெளியே வந்தோம்.
எங்களில் ஒருவர் எழுந்து நின்று
ஒரு சொல் சொன்னார், அல்லது இரண்டு.
ஏன் என்று அந்த மன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்கவும் கூடாதாம்.

மூன்று வாரம் கழித்து, ஹில்ஸ்பரோவில்,
யாரோ ஒருவரின் குளியல் தொட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு
கடைசி வரிசைக்குத் துண்டு டைல் வெட்டும்போது
சட்டென்று விளங்கியது.
செர்ட்டன் என்றால் ஏதோ ஒன்று என்றே
படித்துக்கொண்டிருந்தேன்.
தலையில் நின்ற பொருளே அதுதான்: நிச்சயம்.
மிச்சம், அடைப்பின் ஒரு பகுதி.
என்க்ளோஷரின் கடைசி நான்கு எழுத்து,
எஸ், யூ, ஆர், ஈ,
கலையாமல், திரும்பாமல்,
கேள்விக்குள்ளேயே படுத்துக் கிடந்தது.
நான் எழுதியது சரிதான்.
கெர்ரியிடம் சொல்ல அவள் எண் இல்லை.

இதற்கு வழி வந்துவிட்டது.
மற்றதற்கு
காலரில் ஒரு ஊசி மட்டும்.

இதற்குள் பசை இறுகிவிட்டது.
சுரண்டி எடுத்து
மறுபடி பூசினேன்.